அங்கேயும் கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், ஐயா

லண்டனிலிருந்து வந்த ஒருவர் ஈக்குவடோர் நாட்டுக் கலாபகோஸ் தீவுகளின் கடலைக் காட்டி, நம் கடலோடு ஒப்பிட்டுப் பேசிய மட்டக்களப்பு ஞாயிற்றுக்கிழமைப் படக்காட்சி பற்றி ஒன்றும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் அங்கே ஒரு பொடியனுக்கு அவர் சொன்ன பதிலின் வீடியோத் துண்டை ஆள் மாறி ஆள் பகிர்ந்து, கீழே சிரிப்புப் பொம்மை போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். என் சொந்த மச்சானும் பகிர்ந்திருக்கிறார். ஆகவே எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். அவசரக்காரர்கள் இப்போதே அடுத்த போஸ்டுக்குப் போய்விடலாம்.

அந்தப் பொடியன் கேட்டது ஒரு நல்ல கேள்வி. “அங்க மீன் பிடிக்கிற ஆக்கள் இல்லையா சேர்?” அதற்குப் பேச்சாளர் சொன்ன பதிலும் உங்களுக்குத் தெரியும். “நம்மட ஆக்கள் அங்க இல்லைத் தம்பி. அதுதான் மீன் இருக்கு.” மண்டபமே சிரித்தது. பொடியனும் சிரித்தான். அவன் தகப்பன் கடலுக்குப் போகிறவர் என்பது அந்தப் பேச்சாளருக்குத் தெரியாது. முன்வரிசையில் இருந்து சிரித்த பலருக்குத் தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கலாபகோஸில் ஆட்கள் இருக்கிறார்கள். நான்கு தீவுகளில் ஊர் இருக்கிறது, 30,000 பேருக்குக் கிட்டச் சனம் இருக்கிறது, பள்ளிக்கூடம், கடை, சந்தை எல்லாம் இருக்கிறது. கடற்றொழிலாளர்களும் இருக்கிறார்கள், பதிவு வைத்து, வள்ளம் வைத்து. புவேர்த்தோ அயோரா என்ற ஊரின் மீன் சந்தையை யாராவது தேடிப் பாருங்கள், வீடியோ நிறையக் கிடக்கிறது. ஒரு பெண் மீன் வெட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கடற்சிங்கம் கழுத்தை நீட்டி மேசையையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. மறுபக்கம் கூழைக்கடாக்கள் வரிசையில். அவர் கத்தியை நிறுத்தாமல் முழங்கையால் கடற்சிங்கத்தைத் தள்ளுகிறார், அது போகாது. குடலை எறிந்தால் இரண்டு பக்கமும் ஓடுகிறது. மனிதர் இல்லாத சொர்க்கம் என்று ஸ்லைடில் போட்டீர்களே, அந்தச் சொர்க்கத்துச் சந்தைதான் இது.

படங்களில் எனக்குக் குறை இல்லை, அதையும் சொல்லவேண்டும். டார்வின், வுல்ஃப் என்ற அந்த இரண்டு வடக்குத் தீவுகளின் அடியில், சுத்தியல் மாதிரித் தலையுள்ள கொம்பன் சுறாக்கள் நூற்றுக்கணக்கில் கூட்டமாகத் திரும்பிய வீடியோவில் நானும் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன். ஒரு கொம்பன் கூட்டத்தை விட்டுப் பிரிந்து பாறைப் பக்கம் வந்து வேகத்தைக் குறைக்க, சின்ன மஞ்சள் மீன்கள் ஓடிவந்து அதன் தோலில் இருந்த ஒட்டுண்ணியைக் கொத்தின. சுறா சும்மா காட்டிக்கொண்டு போனது. பாசி மேய்ந்துவிட்டுக் கரைக்கு ஏறி மூக்கால் உப்பைத் தும்மும் கடல் இகுவானா. பூமத்திய ரேகையில் பென்குயின். ஜூனிலிருந்து நவம்பர் வரை அந்தப் பக்கம் வரும் திமிங்கிலச் சுறாக்கள், பெரும்பாலும் பெரிய வயிற்றுப் பெண்கள். சீசனில் வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கல்குடாக் கடலில் இறங்குவதுதான் என் தொழில். எனக்கே பொறாமை வந்தது.

என் பக்கத்தில் மாமா இருந்தார். அவர் ஒரு காலத்தில் அட்டை குளித்தவர், அதாவது கடலடியில் இறங்கிக் கடலட்டை பொறுக்கியவர். சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஒரே நாளில் திரும்பத் திரும்ப ஆழத்துக்கு இறங்கி ஏறி, ஒரு பக்கக் கால் இழுத்துவிட்டது. காதும் போய்விட்டது. திரையைப் பார்த்ததும் அவர்தான் முதலில் சொன்னார்: “கொம்பன். நம்மட ஆழக்கடல்லயும் முந்திக் கிடந்ததுதான் மனே.” அப்புறம் மண்டபம் சிரித்தபோது என் கையைச் சுரண்டி, “என்ன சொன்னான், ஏன் சிரிக்குதுகள்?” என்று கேட்டார். “ஒண்டுமில்ல மாமா, ஏதோ மீன் பகிடி” என்றேன். அவரும் மரியாதைக்குச் சிரித்தார்.

இதுதான் எனக்குத் தாங்கவில்லை. போகட்டும்.

சரி, அங்கே ஏன் அவ்வளவு மீன்? ஈக்குவடோர் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் மேற்கே, நடுக்கடலில் எரிமலை எழுந்து உண்டான தீவுகள் அவை. தெற்கிலிருந்து ஹம்போல்ட் நீரோட்டத்தின் குளிர்நீர் வருகிறது. வடக்கிலிருந்து பனாமாப் பக்கத்துச் சூட்டுநீர் வருகிறது. மேற்கிலிருந்து கடலுக்கு அடியால் ஓடிவரும் குரொம்வெல் நீரோட்டம் தீவுகளின் அடிவாரத்தில் முட்டி மேலே ஏறுகிறது. ஆழத்தில் கிடந்த சத்தெல்லாம் அதோடு வெளிச்சத்துக்கு வர, பாசி பெருகுகிறது, சின்ன மீன் வருகிறது, அதன் பின்னால் மற்றதெல்லாம் வருகிறது. 1982-83இல், பசிபிக் கடல் சூடேறும் எல் நீனோவில், அந்தக் குளிர்நீர் ஏறவில்லை. தண்ணீர் சூடாகிப் பவளம் கிட்டத்தட்ட முழுவதும் செத்தது, இகுவானாக்கள் பட்டினியில் செத்தன, பென்குயின்களில் முக்கால்வாசி போய்விட்டன. எந்தக் கரைவலைக்காரன் செய்தான் அதை? 1998இல் இலங்கையைச் சுற்றிப் பவளம் வெளுத்துச் செத்ததே, அதையும் நம்மட ஆக்கள்தான் வெந்நீர் ஊற்றிச் செய்தார்களா?

நம் வங்கக்கடல் வேறு கடல். பெரிய ஆறுகளின் நன்னீர் மேலே படிந்து கிடப்பதால் அடிநீரும் மேல்நீரும் லேசில் கலக்காது. கோணேசர் கோயில் யானையையும் வீட்டு ஆட்டையும் ஒரே தராசில் வைத்து, ஆட்டை வளர்த்தவனைக் குற்றம் சொல்கிற கதைதான் அந்த ஒப்பீடு.

“நீ கலாபகோஸ் போனாயா?” என்று ஒருவர் ஏற்கனவே கேட்டுவிட்டார். இல்லை ஐயா, போகவில்லை. டார்வினுக்கும் வுல்ஃபுக்கும் போகவேண்டும் என்றால் கடலிலேயே தங்கும் டைவ் கப்பலில்தான் போகலாம். ஒரு வாரத்துக்கே ஆயிரக்கணக்கில் டொலர் வேண்டும். தீவுக்குள் கால் வைக்கவே வெளிநாட்டுக்காரருக்கு 2024 ஓகஸ்டிலிருந்து 200 டொலர். அந்தக் காசு என்னிடம் இருந்தால் முதலில் எஞ்சினை மாற்றுவேன். ஆனால் வாசிக்கக் காசு தேவையில்லை. போய் வந்தவர் வாசிக்காததுதான் எனக்கு ஆச்சரியம்.

ஸ்லைடில் இல்லாத கதையைக் கேளுங்கள். 90களின் தொடக்கத்தில் அங்கேயும் அட்டைப் பைத்தியம் பிடித்தது. ஈக்குவடோர் பெருநிலக் கரையில் அட்டை முடிந்துபோக, ஆட்கள் தீவுக்கு ஓடினார்கள். வள்ளத்தில் கொம்ப்ரசர், வாயில் காற்றுக்குழாய், இறங்கு, பொறுக்கு, ஏறு. மாமாவின் கதைதான், மொழி மட்டும் ஸ்பானிஷ். 1994இல் சோதனைக்கு என்று 5,50,000 அட்டைக்கு அனுமதி கொடுத்தார்கள், பிடிபட்டது பல மடங்கு. அரசு இடையில் நிறுத்தியதும், 1995 ஜனவரியில் கடற்றொழிலாளர்கள் சார்ல்ஸ் டார்வின் ஆய்வு நிலையத்தை மறித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே இருந்த பெயர்பெற்ற ஆமை லோன்சம் ஜோர்ஜின் உயிருக்கே மிரட்டல் விட்டார்கள். நாம் என்னதான் கோபக்காரராக இருந்தாலும் ஆமையைப் பணயம் வைத்ததில்லை!

இப்படிப்பட்டவர்களோடுதான் 1998இல் சட்டம் போட்டார்கள். தீவுகளைச் சுற்றி 40 கடல்மைல் காப்பகம். பெரிய கம்பனிக் கப்பல்கள் வெளியே. உள்ளே தொழில் செய்யலாம், ஆனால் அங்கே குடியிருந்து பதிவு செய்த சின்ன மீனவர் மட்டும். சுறாவில் கை வைக்கக்கூடாது. முடிவு எடுக்கும் மேசையில் விஞ்ஞானி, பூங்கா அதிகாரி, சுற்றுலாக்காரர், வழிகாட்டி, அவர்களோடு கடற்றொழிலாளரும். அந்த மேசையில் சண்டை ஓயவில்லை. அட்டையும் பழையபடி திரும்பவில்லை. ஆனால் கடற்றொழிலாளருக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள். நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான், திரும்பவும் சொல்கிறேன், இன்னும் சொல்வேன்: அங்கே கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாததால்தான் மீன் இருக்கிறது என்பது பொய். அவர்களையும் வைத்துக்கொண்டுதான் மீனைக் காப்பாற்றப் பார்த்தார்கள்.

2017 ஓகஸ்டில் அந்தக் காப்பகத்துக்குள் ஒரு சீனக் கப்பலைப் பிடித்தார்கள். குளிரறைக்குள் 6,000க்கு மேல் சுறா, கொம்பன் உட்பட. அந்தக் கப்பலில் நம்மட ஆக்கள் எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று பேச்சாளர் விசாரித்துச் சொன்னால் நல்லது.

“வெடி போடுகிறவன் யார்? சுருக்கு வலைக்காரன் யார்?” என்றும் கொமன்டில் கேட்கிறார்கள். சரி, கடலில் வெடி போட்டு மீன் பிடிக்கிறார்கள். அது அயோக்கியத்தனம், சட்டவிரோதம், அதைக் கரையிலேயே திட்டுகிறவர்கள் கடற்றொழிலாளர்தான். வெடித்த பாறையில் அடுத்த நாள் தூண்டில் போட்டு வெறுங்கையோடு வருகிறவனும் அவன்தான். இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதப் போவதில்லை, ஏனென்றால் கேட்பவர்களுக்குப் பதில் தேவையில்லை.

“சுறா தின்கிற சனம் சுறாவைப் பற்றிப் பேசலாமா” என்று ஒரு கொமன்ட். தம்பி, நீ பிறந்த வீட்டில் உன் அம்மாவுக்குப் பாற்சுறா வறை கொடுக்காமலா இருந்திருப்பார்கள்? பத்தியச் சாப்பாட்டால் கடல் காலியாகவில்லை. செட்டை வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பியதால் காலியானது. அந்தக் காசில் மாடி கட்டியவர் யாரும் எங்கள் ஒழுங்கையில் இல்லை.

அப்புறம் அந்தக் கடைசிக் கேடயம், “பகிடிக்குச் சொன்னது.” பகிடி எனக்கும் விளங்கும். நாள் முழுக்கப் படகில் பகிடிதான் விடுகிறோம். ஆனால் பகிடி என்றால் யாரைப் பார்த்து விடுகிறோம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? லண்டனிலிருந்து வந்தவர், மட்டக்களப்பு மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம், உன் அப்பன் இருப்பதால்தான் கடலில் ஒன்றும் இல்லை என்கிறார். இதில் சிரிப்பதற்கு எந்த இடம்? போர்க்காலத்தில் கடலுக்கு இறங்கத் தடை, சுனாமியில் வள்ளமும் போய் ஆளும் போய், அதற்குப் பிறகும் அதே கடலில் இறங்கியவர்கள் இவர்கள். ஒன்றும் இல்லையாம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் நம் கடலில் 50 மீட்டருக்குக் கீழே கிடக்கிறது. அதே நாள் மூழ்கிய ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல் கல்குடாவுக்கு வெளியே இன்னும் ஆழம் குறைந்த இடத்தில் கிடக்கிறது. இரும்பு முழுக்க மென்பவளம் மூடி, உள்ளே கலவாயும் பாரையும் குடியிருக்கின்றன. டைவ் காரருக்கு இப்போது ஜீபிஎஸ் இருக்கிறது. அந்தக் காலத்தில் அந்த இடங்களைக் கரையில் இருந்த பனையையும் கோபுரத்தையும் குறிவைத்து மனதில் வைத்திருந்தவர்கள் யார்? தூண்டில்காரர். அவர்கள்தான் எங்களுக்குக் காட்டினார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் இந்தக் கப்பல்களைக் காட்டிய அந்தப் படக்காட்சியின் கடைசி மூன்று ஸ்லைடும் இருந்திருக்காது, ஐயா.

இனி நான் கொஞ்சம் விலகிப் போகிறேன், கோபம் வந்தபின் நேர்கோட்டில் எழுத வராது. இந்த மாதிரிப் பேச்சுக்களின் முடிவு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். “கடலைக் காப்போம்” என்று தொடங்கும். கரையில் வேலி வரும். எங்கள் பக்கத்தில் ஒரு ஹோட்டல், வள்ளம் இழுக்கும் இடத்துக்குக் கயிறு கட்டிவிட்டு, விருந்தினருக்கு வலை மணக்கிறதாம் என்று சொன்னது. அதே ஹோட்டல் விருந்தினர் வற்றுநேரத்தில் பவளத்தின் மேல் ரப்பர் செருப்போடு நடப்பதை நான் போய்த் தடுத்தேன். “அது கல்லுத்தானே” என்றார் கூட வந்த ஊழியர். சிங்கி இறால் பெப்ரவரி, செப்டம்பர், ஒக்டோபரில் பிடிக்கக்கூடாது என்று நமக்கும் சட்டம் இருக்கிறது. அந்த மாதங்களில் சிங்கி இறால் கேட்டு மேசையில் உட்காருகிறவர்களைப் பற்றி ஒரு பகிடி விட்டிருக்கலாமே. விடமாட்டார்கள். அவர்களுக்கு முன்வரிசை.

எங்கள் பக்கத்துக் காயாங்கேணிக் கடலை 2019இல் சரணாலயமாக அறிவித்தார்கள். நல்ல விஷயம், நான் அதற்கு எதிரி இல்லை, பவளம் இருந்தால்தான் என் அடுப்பும் எரியும். ஆனால் எங்கே வலை போடலாம், எங்கே நங்கூரம் போடக்கூடாது என்று நான் கேட்டுப் பார்த்த வள்ளக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தெரியாதவனைப் பிடித்து வழக்குப் போடுவது சுலபம். கூப்பிட்டுக் கதைப்பதுதான் கஷ்டம்போல.

ஏற்பாட்டாளர்கள் அடுத்ததாகக் “கடலும் சமூகமும்” என்று ஒரு கலந்துரையாடல் வைக்கப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். வையுங்கள், வருவேன். ஆனால் காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள். அந்த நேரம்தான் இரவுக்கடல் போனவர்கள் மீனை ஏலத்தில் கொடுத்துவிட்டுப் படுக்கிறார்கள். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு, வெள்ளிக்கிழமை தவிர. ஸ்லைடு தமிழில் இருக்கட்டும். ஒலிபெருக்கியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், மாமாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், இந்தமுறை முன்வரிசைக்கு.