இன்னும் குணமாகாதவளின் சாட்சி

மற்ற மாவட்டங்களில் ஒருவரைக் கிறுக்கு என்று ஏச வேண்டுமானால் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்புவார்கள். குமரி மாவட்டத்துக்காரர்கள் அவ்வளவு தூரம் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. எங்களுக்கு ஊளம்பாறை இருக்கிறது. 1870இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கும் இடம் அது. 1956 நவம்பர் 1ஆம் தேதி நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். ஏச்சு மட்டும் திருவிதாங்கூரிலேயே தங்கிவிட்டது. வாய்ப்பாடு தப்பாகச் சொன்னவனும் ஊளம்பாறை, மழையில் குடை பிடிக்காமல் நடந்தவளும் ஊளம்பாறை. நானும் பலரை அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இருபத்தொன்பதாம் வயதில் என் முறை வந்தது.

முந்திரி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அந்த ஆண்டு பதினொரு நாள் நான் தூங்கவில்லை என்றே சொல்லலாம். களைப்பும் இல்லை. மூன்று வருடத்துப் பேரேட்டை அழகான கையெழுத்தில் திரும்ப எழுதி முதலாளி மேசையில் வைத்தேன். தவணைக்காரரிடம் பதினாறு சேலை எடுத்தேன், பதினாறும் மஞ்சள். ஊரே எனக்காகத் தோரணம் கட்டியிருப்பதுபோல் ஒரு மகிழ்ச்சி. பிறகு எல்லாம் இருண்டது. எழுந்து பல் தேய்க்க எனக்கு ஒரு பகல் முழுவதும் தேவைப்பட்டது.

வீட்டில் முதலில் சொன்ன காரணம் கைவிஷம். யாரோ சோற்றில் கலந்து கொடுத்துவிட்டார்களாம். எங்கள் பக்கத்தில் சாதி, மதம், படிப்பு எதுவும் பாராமல் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் ஒரே நம்பிக்கை இதுவாகத்தான் இருக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்தின் முதல் மாவட்டம் நாங்கள். அந்தப் பெருமையைத் தோளில் போட்டுக்கொண்டுதான் கைவிஷம் எடுக்கிறவரிடம் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அவர் கொடுத்த கஷாயத்தில் இரண்டு நாள் வாந்தி எடுத்தேன். மூன்றாவது மாதம்தான் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். இருமுனையப் பிறழ்வு என்றார், மனம் ஒரு காலம் உச்சிக்கும் ஒரு காலம் பள்ளத்துக்கும் போகிற நோய். லித்தியம் எழுதினார்.

லித்தியமும் ஓர் உப்புதான். 1949இல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் இந்த நோய்க்கு அது பயன்படும் என்று எழுதினார். இன்றுவரை அதன் இடத்தை வேறு மருந்து முழுதாகப் பிடிக்கவில்லை. நல்ல மருந்து, ஆனால் கோபக்கார மருந்து. சிறுநீரகம் அதையும் சாப்பாட்டு உப்பையும் ஒன்றுபோல் நடத்துகிறது. உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால், உப்பைப் பிடித்துவைக்கும் அவசரத்தில் லித்தியத்தையும் வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். இதை எனக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. சீட்டில் ‘காலை 1, இரவு 1’ என்று மட்டும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அம்மா என்னை ஒரு ஜெபவீட்டுக்குக் கூட்டிப்போனாள். மூன்று நாள் உபவாச ஜெபம். சாப்பாடு கிடையாது, தண்ணீர் தொண்டை நனைக்க மட்டும். மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தேன். கழிவறைக்குப் போய் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு வந்து பாடினேன். இரண்டாம் நாள் மாலை, கையிலிருந்த பாட்டுப் புத்தகம் ஆடத் தொடங்கியது. எழுத்தைப் பிடிக்க முடியவில்லை. பிறகு முழங்கையிலிருந்து விரல்வரை நடுக்கம். எழுந்து நின்றேன், கால் தள்ளாடியது, வாந்தி எடுத்தேன். சுற்றியிருந்தவர்கள் “இறங்குகிறது, இறங்குகிறது” என்று கைதட்டினார்கள். பேய் இறங்குகிறதாம். கைதட்டலின் நடுவே அக்காளின் கணவர், அத்தான், ஒருவர்தான் என் கண்ணைப் பார்த்துவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினார். லித்தியத்தின் அளவு ரத்தத்தில் 0.6க்கும் 1.2க்கும் நடுவே நிற்க வேண்டும். எனக்கு 2ஐத் தாண்டியிருந்தது. நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தேன்.

அதல்ல நான் சொல்ல வந்தது. மூன்று வாரம் கழித்து அதே ஜெபவீட்டிலிருந்து ஆள் வந்தார்கள். சகோதரி இப்போது அமைதியாக இருக்கிறாராமே, விடுதலை கிடைத்ததைச் சபையில் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் போனேன். மைக்கைப் பிடித்து, விடுதலை கிடைத்துவிட்டது என்று சொன்னேன். கைக்குட்டை முடிச்சைச் சொல்லவில்லை, ஆட்டோவைச் சொல்லவில்லை, மருத்துவமனையைச் சொல்லவில்லை. அம்மா முதல் வரிசையில் அழுதுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியைப் பார்த்து மாதக்கணக்கு ஆகியிருந்தது. அந்தச் சாட்சியைக் கேட்ட ஒரு தாய், தன் மகனுக்குக் கொடுத்துவந்த மாத்திரையை நிறுத்திவிட்டதாகப் பின்னர் காதில் விழுந்தது. யார், எந்த ஊர் என்று விசாரித்துப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

ஜெபத்தின் மீது எனக்கு வழக்கு இல்லை. இன்றும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான். என் சண்டை, குணமானவருக்கு மட்டுமே மைக் கொடுக்கும் வழக்கத்தோடு. இது கிறிஸ்தவர்களின் பழக்கம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். தர்காவுக்குப் போய் வந்தவரிடமும், அம்மன் கோயிலில் நாற்பது நாள் கிடந்தவரிடமும் ஊர் கேட்பது ஒரே கேள்விதான்: “இப்போது சரியாகிவிட்டதா?” ஆமாம் என்றால் மேலே பேசலாம். இல்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. தொலைக்காட்சியில் பிரபலங்கள் ‘நான் மீண்டு வந்த கதை’ சொல்வதும் இதே சாட்சிதான், வெளிச்சம் மட்டும் கூடுதல். மீண்டு வந்தவர் சொல்வது முடிவு. எனக்கு வேண்டியிருந்தது நடுவில் இருப்பது: ஏப்ரல் வெயிலில் என்ன குடிக்க வேண்டும், முதலாளியிடம் என்ன சொல்லி விடுப்பு எடுக்க வேண்டும், தூக்கம் குறைகிற முதல் இரவிலேயே யாரிடம் சொல்ல வேண்டும்.

அது எனக்குக் கிடைத்தது ஒரு படிப்பகத்தின் பின்னறையில். என்னைப் போன்றவர்கள் சிலர் மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கூடுகிறோம். பெயர்ப்பலகை கிடையாது, தலைவர் கிடையாது. பழைய செய்தித்தாள் கட்டுகள், கால் உடைந்த கேரம் பலகை, சாயா, ரசவடை. பத்துப் பேர் வரும் நாளும் உண்டு, நான்கு பேர் வரும் நாளும் உண்டு. சொல்வதை நல்லபடியாக முடிக்க வேண்டிய கட்டாயம் அங்கே யாருக்கும் இல்லை. (இதில் வருகிறவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊரும் அடையாளமும் வேண்டுமென்றே மங்கலாக இருக்கின்றன.)

ரப்பர் பால் வெட்டுகிற ஓர் அண்ணன் வருவார். பேசவே மாட்டார். ஐந்தாவது கூட்டத்திலோ ஆறாவதிலோ, பேச்சு ஏர்வாடியைப் பற்றித் திரும்பியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் வேட்டியை முழங்கால்வரை தூக்கினார். கணுக்காலைச் சுற்றி வளையம்போல் ஒரு தழும்பு, அந்த இடத்தில் மட்டும் முடி முளைக்கவில்லை. “இது அதற்குப் பிறகு, 2003இல்” என்றார். வேறோர் இடம். சாயாக்காரப் பையன் உள்ளே வந்ததும் வேட்டியை இறக்கிவிட்டார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மன நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை எந்த வகையிலும் செய்யக்கூடாது என்று 95ஆம் பிரிவில் தடுக்கிறது. அவர் காலுக்கு அது பதினான்கு வருடம் தாமதம்.

ஆனால் அந்த அண்ணனிடம் நாங்கள் கற்றுக்கொண்டது தழும்பைப் பற்றியல்ல. இரவு பத்து மணிக்கு மாத்திரை போட்டால் விடியற்காலை எழ முடியவில்லை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும், கூலி போய்விடும். மருத்துவரிடம் கேட்டு மாத்திரையை மாலை ஏழு மணிக்கு மாற்றிக்கொண்டார். இப்போது நான்கு மணிக்குத் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு முந்நூறு மரம் வெட்டுகிறார். இதைக் கேட்ட இன்னொருவர், ஜவுளிக்கடையில் நிற்கிறவர், “மாத்திரை நேரத்தை மாற்றச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாமா?” என்று வியந்தார். எட்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவர். கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

மேற்குக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அக்காள் வருவார். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் கணவரின் படகு திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. அரசு கொடுத்த 20 லட்சம் வந்தது, சான்றிதழும் வந்தது. அவர் கணவரின் செல்பேசி எண்ணுக்கு 28 நாளுக்கு ஒருமுறை இன்னும் ரீசார்ஜ் செய்கிறார். கொழுந்தன்மார் இதைப் பைத்தியம் என்கிறார்கள். நாங்கள் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நான் மட்டும் ஒருமுறை, எந்தத் திட்டம் மலிவு என்று சொன்னேன். கணக்குப்பிள்ளை புத்தி.

கல்லூரிப் பையன் ஒருவன், தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவன். அவன் வீட்டார் பயந்தது அவன் உடம்புக்காக மட்டுமல்ல. போலீஸ் வழக்கு வரும் என்று இரண்டு மணி நேரம் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும் 2024 ஜூலை 1இல் வந்த புதிய சட்டத்தில் இல்லை. வீடுகளுக்கு இந்தச் செய்தி வந்து சேரவில்லை. அவன் இப்போதும் சில இரவுகளில் 14416ஐ அழைக்கிறான். 2022 அக்டோபரிலிருந்து இருக்கும் இலவச எண், இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். “அந்தப் பக்கம் இருக்கிறவர் அறிவுரை சொல்லாமல் இருந்ததுதான் ஆச்சரியம்” என்றான். அந்த எண்ணை நானும் செல்பேசியில் பதிந்து வைத்திருக்கிறேன், ‘பால்காரர் 2’ என்ற பெயரில்.

உலக மனநல நாள் என்று ஒவ்வோர் அக்டோபர் 10ஆம் தேதியும் பதாகை பிடித்து ஊர்வலம் போகிறார்கள். நல்லதுதான். வெயிலில் நடக்கும் மாணவிகளைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது. ஆனால் அந்த ஊர்வலத்தில் மாத்திரை சாப்பிடுகிறவர் ஒருவரை முன்னால் நிறுத்தி நான் பார்த்ததில்லை. நாங்கள் பஸ் நிறுத்தத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறோம்.

போன வருடம் ஒரு மனு எழுதினோம். எங்களில் பலர் மாத்திரை வாங்கும் அரசு மருத்துவமனை ஒன்றில் பதினைந்து நாளுக்குத்தான் கொடுத்தார்கள். மாதம் இரண்டு முறை போனால் பால் வெட்டுகிறவருக்கு இரண்டு நாள் கூலி, ஜவுளிக்கடைக்காரருக்கு இரண்டு பொய். முப்பது நாளுக்குச் சேர்த்துக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. எழுத அரைமணி நேரம் ஆனது. கையெழுத்துக்கு இரண்டு மாதம் ஆனது. ‘பொதுமக்கள்’ என்று போடலாம் என்றார் ஒருவர். ‘நோயாளிகளின் உறவினர்கள்’ என்று போடலாம் என்றார் இன்னொருவர். உறவினர் என்றால் கௌரவம் போகாது, பாருங்கள். கடைசியில் பதின்மூன்று பேரில் ஐந்து பேர் சொந்தப் பெயரில், ‘சிகிச்சையில் இருப்பவர்கள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ரப்பர் அண்ணன் கைநாட்டு வைத்தார். மையைத் துடைக்காமலேயே வடையை எடுத்தார். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் நாகர்கோவிலுக்குப் போய்க் கொடுத்தோம். வரிசையில் பின்னால் நின்றவர் என் மனுவை எட்டிப் பார்த்துவிட்டு, “உங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நான்கு மாதம் கழித்து முப்பது நாளுக்குக் கிடைக்கத் தொடங்கியது. மனுவால்தானா என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டோம்.

அந்தத் துணிச்சலில்தான் ஒரு ஞாயிறு எங்கள் கோயிலில், சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் உண்டா என்று கேட்டபோது எழுந்தேன். பெஞ்சுகளில் எப்படியும் முந்நூறு பேர். 2015–16இல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. அப்படியானால் இங்கே முப்பது பேர் என்று கணக்கு போட்டுக்கொண்டே மைக்கிடம் போனேன். “எனக்கு இருமுனையப் பிறழ்வு இருக்கிறது. குணமாகவில்லை. தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த முறை லித்தியம் 0.8. உபவாசம் இருக்க நினைப்பவர்கள் இப்படி மாத்திரை சாப்பிட்டால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். முன்பு ஓர் இடத்தில் நான் பொய்ச் சாட்சி சொல்லியிருக்கிறேன்.” அவ்வளவுதான். இதற்கு ஆமென் சொல்வதா வேண்டாமா என்று சபைக்குத் தெரியவில்லை. ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.

அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவள் கோபம் அக்காள் மகளை நினைத்து. கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். எங்கள் வீட்டில் என் மாத்திரை இருப்பது உளுந்து டப்பாவுக்குள். பிளாஸ்டிக் பையில் சுற்றி, உளுந்துக்கு அடியில். அம்மாதான் வைப்பாள், அம்மாதான் எடுத்துத் தருவாள். இந்தப் பதிவை எழுதப்போகிறேன் என்றதும் டப்பாவை மூடிவிட்டு, “நிச்சயதார்த்தம் முடியட்டும் மக்களே” என்றாள். இவ்வளவு எழுதுகிறவள் அதற்கு உடன்பட்டேனா என்று கேட்டால், உடன்பட்டேன். ஏழு வாரம் பொறுத்தேன்.

போன வியாழக்கிழமை நிச்சயதார்த்தம் முடிந்தது. நேற்று அக்காள் மகள் வந்திருந்தாள். மாப்பிள்ளையோடு பேசிய முதல் வாரத்திலேயே என்னைப் பற்றிச் சொல்லிவிட்டாளாம். அவன் சிரித்துவிட்டு, தன் சித்தப்பாவும் பத்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார் என்றானாம். “உங்கள் பாட்டிக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று என் அம்மா சொல்லியிருக்கிறாள்” என்றும் சொன்னானாம்.

எங்கள் வீட்டில் உளுந்து டப்பா. அவர்கள் வீட்டில் எந்த டப்பா என்று கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.