பேசியவர்கள் பெயர்

கரும்பலகையின் வலது மூலையில் ஒரு கோடு இழுத்து, மேலே 'பேசியவர்கள்' என்று எழுதி, கீழே வரிசையாகப் பெயர் எழுதும் வழக்கம் இங்கே படித்த எல்லோருக்கும் தெரியும். எழுதுபவர் லீடர். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. டீச்சர் வந்து பார்த்ததும் குறிக்கு ஏற்ற கூலி. இந்தப் பதிவைப் படிக்கிற நீங்கள் ஒன்று அந்தப் பட்டியலில் இருந்திருப்பீர்கள், இல்லையென்றால் அதை எழுதியிருப்பீர்கள். நான் எழுதியவள். ஆசிரியரான பிறகு 16 வருடம் எழுதச் சொன்னவள்.

2022-ல் நிறுத்தினேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கு நானும் தலைமையாசிரியரும்தான். அவர் நான்கு, ஐந்தைப் பார்த்துக்கொள்வார். ஒன்று, இரண்டு, மூன்று மொத்தமும் என் அறையில். அந்த ஜூன் மாதம், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் பிடிபட வைக்க அரசு கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து உட்கார வைத்தோம். கொரோனாவில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அதனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட பள்ளிக்கூடம் புதிதாகத்தான் இருந்தது. வரிசை என்றால் என்ன, மணி அடித்தால் எழுந்து ஓடக் கூடாது, பக்கத்தில் இருப்பவனின் சிலேட்டு பக்கத்தில் இருப்பவனுடையது, இதெல்லாம் முதலிலிருந்து. எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பழைய ஆயுதத்தை எடுத்தேன். மூன்றாம் வகுப்பில் நன்றாக எழுதும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு சாக்பீஸைக் கையில் கொடுத்தேன்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். அரும்பு நிலை. ட, ப, ம தாண்டி எதுவும் நிற்காது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் அவனாகவே எழுந்து போய், கரும்பலகையின் மூலையில் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி, தன் பெயரைப் படித்தான். திரும்பி என்னைப் பார்த்து, "மிஸ், என் பேரு!" என்றான். முகமெல்லாம் பல். தினமும் அதே இடத்தில் அதே பெயர் இருந்தால் யாருக்குத்தான் எழுத்து பிடிபடாது? அவன் வாழ்க்கையில் முதலில் படித்த சொல் அவன் பெயர். அது இருந்த இடம் குற்றவாளிகள் பட்டியல். அது குற்றப் பட்டியல் என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. நான் முதலில் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

அடுத்த வாரம் ஒரு பையனின் அம்மா வந்தார். "டீச்சர், டப்பால முறுக்கு வெச்சு அனுப்புறேன், சாப்பிடவே மாட்டேங்கிறான். யாருக்கோ குடுத்துடுறானாம்" என்றார். விசாரித்தால், லீடருக்கு. பெயரை அழிக்க ஒரு முறுக்கு. பெருக்கல் குறி மட்டும் போக அரை ரப்பர். பருவத்துக்கு ஏற்ப புளியங்காயும் செல்லுமாம். எட்டு வயதுப் பிள்ளைகள் ஒரு முழு ஊழல் அமைப்பையே என் மூக்குக்குக் கீழே நடத்திக்கொண்டிருந்தார்கள். அதற்கு அனுமதி கொடுத்தவள் நான். அந்த லீடர் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இடைவேளையில் அவளை யாரும் விளையாட்டில் சேர்த்துக்கொள்வதில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். வேப்பமரத்தடியில் தனியாக நின்று சாக்பீஸ் துண்டை உருட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு ஒரு கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. இந்தப் பட்டியல் எனக்கு எப்போது தேவைப்படுகிறது? யோசித்துப் பார்த்தால், நான் பாடம் நடத்தும்போது ஒருநாளும் தேவைப்படவில்லை. கதை சொல்லும்போது, பாட்டுப் பாடும்போது, தரையில் அவர்களோடு உட்கார்ந்து புளியங்கொட்டை எண்ணும்போது லீடர் என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதே மறந்துபோகும். எமிஸ் செயலியில் வருகைப் பதிவு போட நெட்வொர்க் தேடி வாசலில் நிற்கும்போது, வட்டார வள மையத்துக்கு ஏதோ ஒரு புள்ளிவிவரம் உடனே வேண்டும் என்று போன் வரும்போது, தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டு ஐந்து வகுப்பும் என் தலையில் இருக்கும்போது, அப்போதுதான் தேவைப்பட்டது. அதாவது நான் இல்லாத நேரத்துக்கு. அறையிலேயே இருந்தாலும் தலை போனுக்குள் இருக்கிற நேரத்துக்கு.

ஆக, அந்தப் பட்டியல் பிள்ளைகளின் ஒழுக்கத்தைப் பற்றியதே இல்லை. நான் அங்கே இல்லாமல் போனதற்குப் பிள்ளைகளிடம் வசூலித்த அபராதம் அது.

இதைச் சொன்னால் சக ஆசிரியர்களுக்குக் கோபம் வரும். எனக்கே வந்தது. ஈராசிரியர் பள்ளியில் நாங்கள் என்ன செய்ய முடியும்? கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். எங்கள் பள்ளியில் 41 பேர். கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கில் கூட்டம் இல்லை, பயிற்சி இல்லை, ஒருவருக்குக் காய்ச்சல் வருவது இல்லை. இந்தக் கோபத்தை மேலே காட்ட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மேலே காட்ட முடியாத கோபம் பெருக்கல் குறியாக ஏழு வயதுப் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் போய் விழுகிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்பதோடு நிற்கவில்லை, மன உளைச்சல் தரவும் கூடாது என்கிறது. நாம் அதன் முதல் பாதியை மட்டும் ஒருமாதிரி ஏற்றுக்கொண்டோம். பிரம்பு பீரோவுக்குப் பின்னால் போனது. அதன் இடத்தில் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த இடத்தில் "நாங்களெல்லாம் அடி வாங்கித்தான் உருப்பட்டோம்" என்று ஒரு கமெண்ட் வரும், தெரியும். என்னோடு மூன்றாம் வகுப்பில் அடி வாங்கியவர்களில் இரண்டு பேர் நான்காம் வகுப்புக்கு வரவே இல்லை. ஒருவன் செங்கல் சூளைக்குப் போனான். அவர்கள் இந்தப் பதிவுக்குக் கமெண்ட் போட வரமாட்டார்கள். வருகிறவர்கள் எல்லாம் தப்பித்தவர்கள்தான்.

சரி, பட்டியலை எடுத்துவிட்டு என்ன செய்தேன்? முதல் இரண்டு வாரம் ஒன்றும் செய்யத் தெரியவில்லை. சந்தைக்கடை. அப்புறம்தான் எப்போது சத்தம் வருகிறது என்று ஒரு பழைய நோட்டில் குறித்துக்கொள்ள ஆரம்பித்தேன். ஒரு வாரக் குறிப்பிலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. பாடத்தின் நடுவில் சத்தம் குறைவு. ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்கும் இடைவெளியில்தான் கூரை பறக்கிறது. நோட்டை எடு என்று சொல்லிவிட்டு நான் அட்டை தேடுகிற மூன்று நிமிடம். முதலில் முடித்தவன் கடைசியில் முடிப்பவனுக்காகக் காத்திருக்கிற பத்து நிமிடம். வேலை இல்லாத கை பக்கத்துப் பின்னலை இழுக்காமல் வேறு என்ன செய்யும்?

அமெரிக்காவில் ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோவில் பதிவு செய்து ஆராய்ந்து 1970-ல் ஒரு நூலாக வெளியிட்டார். பிள்ளை தப்பு செய்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் நல்ல வகுப்புக்கும் கலைந்துபோகிற வகுப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசமெல்லாம் அதற்கு முன்னால்தான் இருந்தது. பாடம் தடங்கல் இல்லாமல் ஓடுகிறதா, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி மாறுகிறார், அறை முழுக்க என்ன நடக்கிறது என்பது தனக்குத் தெரியும் என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறாரா என்பதில். கடைசியாகச் சொன்னதற்கு நம் ஊரில் பழைய பெயரே உண்டு: டீச்சருக்கு முதுகிலும் கண். அந்தக் கண்ணைத்தான் நான் ஒரு எட்டு வயதுப் பெண்ணுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தேன்.

செயல்வழிக் கற்றல் காலம் நினைவுக்கு வந்தது. ரிஷி வேலி பள்ளிகளின் முறையைப் பார்த்து 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்க வந்த திட்டம். பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, ஏணிப் படி போல வரிசைப்படுத்தி, பிள்ளை தன் வேகத்தில் ஒவ்வொன்றாக முடிக்கும் முறை. நான் வேலையில் சேர்ந்த புதிது. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன, பதிவேடு எழுதியே கை ஒடிந்தது, அதையெல்லாம் மறக்கவில்லை. ஆனால் ஒன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் தான் ஏணியில் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியும். அட்டையை முடித்தால் தானே எழுந்து போய் அடுத்த சின்னம் போட்ட அட்டையை எடுத்து வரும். என்னைக் கேட்காது. சுவரோரம் தாழ்வாக அடித்த கரும்பலகையில் அதற்கென்று ஓர் இடம், தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் அது வரைந்த படம். சத்தம் இருந்தது, ஆனால் அது வேலைச் சத்தம். தறி ஓடுகிற வீட்டில் சத்தம் நின்றால்தானே என்ன ஆச்சு என்று எட்டிப் பார்ப்போம்?

அதிலிருந்து ஒன்றை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டேன். முடித்தவர்களுக்கு என்று ஒரு மூலை. அங்கே கதை அட்டைகள், கொட்டாங்கச்சியில் புளியங்கொட்டை, ஒரு பக்கம் எழுதாத பழைய தாள்கள். முடித்தவன் கேட்காமல் அங்கே போகலாம். மெதுவாக எழுதுகிற பிள்ளையின் மேல் இருந்த அவசரமும் அதோடு போனது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

இன்னொன்று கூழாங்கல். "மிஸ், ஒண்ணுக்கு" என்று ஒருவன் எழுந்தால் மற்ற பதினைந்து பேருக்கும் வந்துவிடும் என்பது தொடக்கப் பள்ளி ஆசிரியர் எல்லோருக்கும் தெரிந்த இயற்பியல். வாசலில் ஒரு கல் வைத்தேன். கல் இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், திரும்பி வந்து வைக்க வேண்டும். கல் இல்லை என்றால் யாரோ போயிருக்கிறார்கள். அனுமதி கேட்க வேண்டாம். முதல் வாரம் கல்லை மூன்று முறை தொலைத்தார்கள். இப்போது அந்தக் கல்லுக்குக் கண் மூக்கு வரைந்து பெயர்கூட வைத்திருக்கிறார்கள்.

லீடர் பதவியை எடுத்துவிடவில்லை, உடைத்துவிட்டேன். தேதி எழுதுபவர், செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவர், செருப்பு வரிசை பார்ப்பவர், கதை அட்டை எண்ணி வைப்பவர். வாரம் ஒருமுறை மாறும். மற்றவரைப் பிடித்துக் கொடுக்கிற வேலை மட்டும் யாருக்கும் கிடையாது. கரும்பலகையில் தன் பெயரைப் படித்தானே, அவனுக்குத் தேதி எழுதும் வாரம் வந்தபோது 'வியாழன்' என்று எழுத முழுப் பாடவேளை எடுத்துக்கொண்டான். ழ-வுக்கு மட்டும் நான்கு தடவை அழித்தான்.

ஸ்டார் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நோட்டில் சிவப்பு மையில் ஸ்டார் போடுவது எனக்கும் பிடிக்கும், அவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு வருடம் ஆர்வக்கோளாறில் ஓவியத்துக்கும் ஸ்டார் போட ஆரம்பித்தேன். சில மாதத்தில் தாளைக் கொடுத்தால் முதல் கேள்வி, "மிஸ், இதுக்கு ஸ்டார் உண்டா?" இல்லை என்றால் ஒரு வீடு, ஒரு சூரியன், இரண்டு மலை, கதை முடிந்தது. முன்பு இதே பிள்ளைகள் மாரியம்மன் தேரை ஒரு மணி நேரம் வரைந்தவர்கள். ஸ்டான்ஃபோர்டில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் இதையே சோதித்து 1973-ல் எழுதியிருக்கிறார்கள். படம் வரைந்தால் பரிசுச் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த பிள்ளைகள், பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் வண்ணப் பேனாவை எடுப்பது மற்றவர்களைவிடப் பாதியாகக் குறைந்துவிட்டது. எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு அப்படி ஆகவில்லை. தானாகச் செய்வதற்குக் கூலி பேசினால் அது வேலையாகிவிடுகிறது. வாய்ப்பாட்டுக்கு ஸ்டார் போடுகிறேன், அதை யாரும் ஆசைப்பட்டுச் சொல்வதில்லை, நஷ்டமில்லை. ஓவியத்துக்கு இல்லை. கம்பியில் மாட்டுவதோடு சரி.

ஊக்கம் பற்றிப் பேசுகிற பயிற்சிகளில் யாரும் வயிற்றைப் பற்றிப் பேசுவதில்லை. 2023 ஆகஸ்ட் 25-ல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதற்கு முன் பதினொரு மணிக்குச் சண்டை பிடிக்கும், மேசையில் தலை சாய்க்கும், காரணமில்லாமல் அழும் பிள்ளைகள் என் வகுப்பில் ஐந்தாறு பேர் உண்டு. அவர்களில் மூன்று பேர் என் பட்டியலில் நிரந்தர உறுப்பினர்கள். உப்புமாவும் பொங்கலும் வந்த பிறகு அந்தப் பதினொரு மணி இப்போது இல்லை. பசித்த பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை பெருக்கல் குறி போட வைத்திருப்பேன் என்று கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் எங்கள் தலைமையாசிரியரே கீழே வந்து சிரிப்பார். போன மாதம் ஓர் அதிகாரி பார்வைக்கு வந்து, "என்னம்மா, வகுப்பு இவ்வளவு சத்தமா இருக்கு?" என்றார். பின்னல் இழுப்பதும் நிற்கவில்லை. கூட்டம் நடக்கும் நாட்களில் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு நான் இன்னமும் கத்துகிறேன்.

மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணியிலிருந்து இரண்டரை வரை எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. பாதிப் பேருக்குத் தூக்கம், பாதிப் பேருக்கு உலகத்தையே புரட்டுகிற தெம்பு. கதை, பாட்டு, களிமண், மண்ணில் எழுதுவது எல்லாம் பார்த்தாயிற்று, ஒவ்வொன்றும் ஒரு வாரம் தாங்குகிறது. ஒன்று முதல் மூன்று வரை சேர்த்துக் கையாள்கிறவர்கள் யாராவது இருந்தால், அந்த அரை மணி நேரத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். தியானம் என்று மட்டும் சொல்லாதீர்கள். செய்து பார்த்தேன், மூன்று பேர் குறட்டை விட்டார்கள், மற்றவர்கள் அதைப் பார்த்துச் சிரித்து அடுத்த அறை வரைக்கும் கேட்டது.