நாய்க்கு யார் தருவது ஜாதிச் சான்றிதழ்?

லாப்ரடூடுல் (லாப்ரடாரும் பூடிலும் கலந்தது), காக்கபூ (காக்கர் ஸ்பேனியலும் பூடிலும் கலந்தது) மாதிரி கலப்பின நாய்களை, நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்புகள் தனி இனமாக அங்கீகரிக்கலாமா என்று பேச்சு எழுந்தாலே, "அதெல்லாம் கலப்படம், ஜாதி நாயே கிடையாது" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். சொல்கிறவர் மடியில் கோல்டன் ரெட்ரீவர் படுத்திருக்கும். அது எங்கிருந்து வந்ததாம்? 1868-இல் ஸ்காட்லாந்துப் பிரபு ஒருவர் மஞ்சள் ரெட்ரீவர் ஆணையும் ட்வீட் வாட்டர் ஸ்பேனியல் பெண்ணையும் சேர்த்து எடுத்த குட்டிகளிலிருந்துதான். டாபர்மேன் ஜெர்மனியில் வரி வசூலித்த ஒருவர் உருவாக்கியது, எந்தெந்த நாய்களைக் கலந்தார் என்று அந்த மனிதர் எழுதிக்கூட வைக்கவில்லை.

சரி, அப்படியானால் லாப்ரடூடுலுக்கு இன்றைக்கே சான்றிதழ் கொடுத்துவிடலாமா என்றால், அதுவும் வேண்டாம் என்பேன். இனம் என்றால் தாய் தகப்பனைப் பார்த்தே குட்டி எப்படி வரும் என்று ஓரளவாவது சொல்ல முடிய வேண்டும். நண்பர் வீட்டில் ஒரே ஈத்தில் பிறந்த இரண்டு இருக்கின்றன, தாயும் தகப்பனும் லாப்ரடூடுல்தான். ஒன்றுக்கு ஆட்டுக்குட்டி மாதிரி சுருட்டை முடி, கையில் ஒன்றுகூட ஒட்டாது. மற்றதைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு இறக்கினால் சட்டை முழுக்க விறைத்த முடி. இரண்டையும் "முடியே கொட்டாது" என்று சொல்லித்தான் விற்றார்கள்!

ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் வேலை பார்த்த வாலி கான்ரன் 1980களின் கடைசியில் இந்தக் கலப்பைத் தொடங்கியபோதும் இதே கதைதான். கணவருக்கு நாய் ஒவ்வாமை உள்ள, பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. பிறந்த மூன்று குட்டிகளில் ஒன்றுதான் அந்த ஒவ்வாமைச் சோதனையில் தேறியது. அந்தக் குட்டிகளைக் கலப்பினம் என்று சொன்னபோது வளர்க்க யாரும் முன்வரவில்லை, லாப்ரடூடுல் என்று பெயர் வைத்த பிறகுதான் கேட்டு வந்தார்கள். பெயருக்கு அவ்வளவு மவுசு. பின்னாளில் அவரே இதை ஏன் செய்தோம் என்று வருந்தினார்.

அதனால் பல தலைமுறை ஒரே மாதிரி குட்டி வருகிறதா, இடுப்பு மூட்டும் கண்ணும் சோதித்த பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அங்கீகரிக்கட்டும். என் பயம் அதற்கு அப்புறம் நடப்பதில்தான். அங்கீகாரம் கிடைத்ததும் பதிவேட்டை மூடிவிடுவார்கள், வெளி ரத்தம் உள்ளே வராது, இருக்கிற நோய் உள்ளேயே சுற்றும். டால்மேஷனைப் பாருங்கள். சிறுநீரில் யூரிக் அமிலம் அதிகமாகிக் கல் சேரும் கோளாறு அந்த இனம் முழுக்கப் பரவியிருந்தது. 1973-இல் அமெரிக்காவில் ஒருவர் ஒரே ஒரு பாயிண்டர் நாயைச் சேர்த்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடு மட்டுமே இணைத்து அந்தக் கோளாறு இல்லாத வழியை உண்டாக்கினார். புள்ளி முதல் வால் வரை டால்மேஷன்தான். அமெரிக்கன் கென்னல் கிளப் 1981-இல் அந்த வழியில் வந்த இரண்டைப் பதிந்துவிட்டு, டால்மேஷன் சங்கத்தார் எதிர்த்ததும் கதவைச் சாத்தியது. திரும்பத் திறந்தது 2011-இல். அதுவரை கல்லோடு அவதிப்பட்ட நாய்கள் எல்லாம் சுத்த ஜாதி.