சண்டை அவர்களுக்குள், ஊசி எனக்கு

இன்று காலை மூன்றாவது ரேபிஸ் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு நொண்டியபடி வீடு திரும்பினால், வாசலில் விருந்து நடக்கிறது. என் காலைக் கடித்துக் குதறிய எங்கள் வீட்டுப் பூனை துரை கிரில் கதவுக்கு உட்புறம் சாவகாசமாகக் கால் நீட்டிப் படுத்திருக்க, தெருவில் திரியும் அந்தச் செவலைக் கடுவன் பூனை வெளியிலிருந்து கம்பி இடுக்கில் கையை நுழைத்து, துரையின் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, நான் காசு கொடுத்து வாங்கிய தீனியை மொறுமொறுவென்று தின்றுகொண்டிருக்கிறான். இவர்கள் இருவருக்கும் தீராப் பகை என்று நம்பித்தான் போன வாரம் நான் ரத்தம் சிந்தினேன்.

அன்று இரவு மணி 2.40. பூனை வளர்ப்பவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை; கைக்குழந்தையின் சிணுங்கலாகத் தொடங்கி, ஒப்பாரியாக ஏறி, தரையில் தகரத்தை இழுப்பதுபோல் முடியுமே, அதேதான். எழுந்து போய்ப் பார்த்தேன். சமையலறை ஜன்னலின் கொசுவலைக்கு வெளியே மதில்மேல் செவலை. உள்ளே மேடையில், அடுப்புக்கும் தோசை மாவுப் பாத்திரத்துக்கும் நடுவே துரை, வால் பாட்டில் கழுவும் பிரஷ்போலப் புடைத்திருந்தது. இருவருக்கும் இடையே முக்கால் அடி இருந்தால் அதிகம். ஐந்து நிமிடம் ஒருவரும் இமைக்கவில்லை. பிறகு செவலை, அவசரமே இல்லாத அரசு ஊழியரைப்போல் எழுந்து, திரும்பி நின்று, வாலைச் செங்குத்தாக உயர்த்தி, அதன் நுனியை நடுக்கி, வலைவழியாக ஒரு பீய்ச்சு பீய்ச்சினான். மாவுப் பாத்திரத்தின் மூடிவரை தெறித்தது. மதில்மேல் பூனையைத் தயக்கத்துக்கு உவமையாக முதலில் சொன்னவர் யாரோ, அவரை அந்த நேரத்தில் எங்கள் சமையலறையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும்.

அப்போது நான் செய்த தவறு, “வாடா கண்ணா” என்று துரையை அள்ளப் போனது. கண்ணன் திரும்பினான், என்னை யாரென்றே தெரியாத ஒரு பார்வை, அடுத்த நொடி கீழே குதித்து என் கெண்டைக்காலைக் கட்டிப்பிடித்து, நான்கு கோரைப்பல்லையும் இறக்கிவிட்டான். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்பது நினைவுக்கு வந்ததால், நள்ளிரவில் குளியலறைக் குழாயடியில் ஒற்றைக்காலில் தவம் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் மதில் தெரியும். செவலை போகவில்லை. உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தான்.

கைக்கு எட்டாத எதிரியின் மேல் வந்த ஆத்திரம் அருகில் அகப்பட்டவர்மேல் திரும்பும் என்றும், அது தணியச் சில மணி நேரம்கூட ஆகலாம் என்றும், அந்த நேரத்தில் தொடாமல், திரையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்றும் கால்நடை மருத்துவர் மிக அழகாக விளக்கினார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று நம் பாட்டிமார் ஒரே வரியில் சொன்னதுதான் அது. மனிதர்களுக்கான மருத்துவமனையிலோ விளக்கமே கிடையாது. துரைக்கு ஆண்டுதோறும் தவறாமல் தடுப்பூசி போட்ட அட்டையைப் பெருமையாக நீட்டினேன். பூனைக்குப் போட்டது பூனைக்கு என்று சொல்லி, 0, 3, 7, 28 என நான்கு நாள்களை எழுதிக் கொடுத்துவிட்டு, ரத்தம் வந்திருப்பதால் கடிவாயிலேயே வேறோர் ஊசியையும் சுற்றிச் சுற்றி இறக்கினார்கள்.

மேல்வீட்டு மாமிக்கு இதைச் சொன்னால், “பாவம், வாயில்லா ஜீவன்” என்கிறார். அந்த வாயைத்தான் மாமி, 2.40 மணிக்குத் தெருவே கேட்டது. தினமும் நெத்திலித் தலையை மதில்மேல் வைத்துச் செவலையை வரவழைப்பதும் மாமிதான். நாற்றம் போகப் பினாயில் ஊற்றச் சொன்னவரும் அவரே. பீனால் வகைகளைச் சிதைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு, துரை நக்கினால் இன்னொரு மருத்துவச் செலவு என்று சொன்னால், நான் படித்த திமிரில் பேசுவதாக முகம் சுளிக்கிறார். கருத்தடை செய்யாத கடுவனின் மூத்திர நாற்றம் வெறும் சோப்புக்கு மசியாது. நொதி கலந்த கரைசலை ஊற்றி, ஊறவிட்டு, துடைத்து, மறுபடி ஊற்ற வேண்டும். அந்தப் பாட்டில் விலையில் ஒரு மாதத்துக்குத் தோசை மாவு வாங்கலாம். சரி, செவலைக்காவது கருத்தடை நடந்திருக்கிறதா என்று காதில் அடையாளம் பார்த்தேன்; கருத்தடை செய்த தெருப்பூனைக்குக் காது நுனியைக் கத்தரித்துவிடுவார்கள். இடது காதின் நுனி இல்லைதான். ஆனால் வலது காதும் பாதிதான் இருக்கிறது. இரண்டும் கத்தரியால் வெட்டியவை அல்ல, ஊர்ச்சண்டையில் கிழிந்தவை.

இவ்வளவுக்கும் பிறகு, இன்று காலை அந்தக் கிரில் கதவருகே நான் செருப்பைக் கழற்றினேன். செவலை ஓடவில்லை. தட்டு காலியானதும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். துரையும் பார்த்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, இரண்டு முகத்திலும் ஒரே கேள்வி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கால் வலித்தது. உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்து இன்னொரு கை அள்ளிப் போட்டேன். நான்காவது ஊசிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.