எஸ்கிளாவித்தூத் என்றால் ‘ஊழியம்’ இல்லை சார்

நேற்றைய கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கியூபாவின் சர்க்கரை ஆலைகளைப் பற்றி நான் ஸ்பானிஷிலிருந்து மொழிபெயர்த்த கட்டுரை வந்துவிட்டது. சந்தோஷம். ஆனால் நான் ‘அடிமைகள்’ என்று எழுதிய இடத்திலெல்லாம் ‘ஊழியர்கள்’ என்று இருக்கிறது. வெளியிட்டவர்களைக் கேட்டால், “கொஞ்சம் உறுத்துகிறது சார்” என்கிறார்கள். உறுத்தத்தானே வேண்டும்?

ஸ்பானிஷில் எஸ்கிளாவித்தூத் என்றால் அடிமைத்தனம். வேறு அர்த்தமே கிடையாது. சரி, உண்டு, அதற்கும் வருகிறேன். ஊழியம் மாதிரி ஒன்றைச் சொல்ல அங்கே செர்விதும்பிரே என்று தனிச்சொல் இருக்கிறது. வீட்டு வேலைக்காரர்களை அப்படிச் சொல்வார்கள். சட்டத்தில், பக்கத்து நிலத்தின் வழியாக நடந்துபோகும் பாத்தியதைக்கும் அதே சொல்தான். மூலத்தில் அது இல்லை. எஸ்கிளாவித்தூத் என்றுதான் இருக்கிறது.

“ஸ்பெயின்காரர்களே அதைச் சாதாரணமாகப் புழங்குகிறார்களே” என்று ஒருவர் கமெண்ட்டில் பாடம் எடுக்கிறார். தெரியும் ஐயா. ஸ்பெயின் தலைநகர் மத்ரீதில் ஒரு நகைக்கடைக் கண்ணாடிக்குள் வழவழவென்று ஒரு தங்க வளையல், பக்கத்தில் ‘எஸ்கிளாவா’ என்று ஒரு சீட்டு. ‘அடிமைப்பெண்’ என்று படித்துவிட்டு அசடு வழிய நின்றவன் நான். கொக்கியில்லாத வளையலுக்கு அங்கே அதுதான் பெயர், அகராதியிலேயே இருக்கிறது. வளையலை வளையல் என்று எழுதுவேன். விலைக்கு வாங்கி ஆலையில் போட்ட மனிதனை?

இன்னொருவர், “வேர்ச்சொல் ஸ்லாவ் இனத்தின் பெயர்தானே” என்கிறார். ஆமாம். அந்தக் கிழக்கு ஐரோப்பிய மக்களைப் பிடித்துப் பிடித்து விற்றதில் இனத்தின் பெயரே அடிமைக்குப் பெயராகிவிட்டது. இது யார் கட்சிக்குச் சாதகம்?

சொல்லை மெழுகும் வேலையை, அன்று கியூபாவை ஆண்ட ஸ்பெயின் அரசு எப்போதோ செய்துவிட்டது. 1880-ல் சட்டம் போட்டு, கியூபாவின் அடிமைகளுக்கு ‘பாத்ரோசினாதோ’, அதாவது ஆதரவில் இருப்பவர் என்று பெயர் மாற்றினார்கள். எஜமான் அதே எஜமான், ஆலை அதே ஆலை. கூலியாக மாதம் சில பெசோ. காலை மாட்டிப் பூட்டும் தொழுமரமும் கால்விலங்கும் 1883 வரை சட்டப்படியே இருந்தன. விடுதலை 1886-ல். ஆறு வருஷம் ஒரு நல்ல சொல்லுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். அப்போதும் யாருக்காவது உறுத்தியிருக்கும் போல.

மூன்று வாரம் உட்கார்ந்து செய்த வேலை. ஒரு போன் கிடையாது. என் பெயரை மட்டும் ஓர் எழுத்துகூடத் திருத்தாமல் போட்டிருக்கிறார்கள். ‘ஊழியர்கள்’ என்று எழுதியவன் இப்போது நான்தான்.

காலையிலேயே ஒரு நண்பர் போன் செய்துவிட்டார், அந்த ஊழியர்களுக்கு அப்போது என்ன சம்பளம் என்று.