பாட் எழுதிய பரீட்சை, பாட்டே போட்ட மார்க்

ஒரே வாரத்தில் மூன்று பேர் இன்பாக்ஸில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சின்னதா ஒரு ஆன்லைன் கடை வச்சிருக்கேன், விளம்பரத்தை முழுசா ஏஐ பாட் கையில விட்டுடலாமா?" தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலிக்கிறது. மொத்தமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விற்பது துணிப்பைகள். தைக்க இரண்டு பேர் இருக்கிறார்கள். படம் எடுப்பது, பேக் செய்வது, கஸ்டமருக்குப் பதில் சொல்வது, விளம்பரம் போடுவது எல்லாம் நான். இதில் கடைசி வேலையைத்தான் ஒன்றரை வருடத்துக்கு முன்பு பாட்டிடம், அதாவது விளம்பரத் தளத்தின் தானியங்கி ஏஐயிடம், கொடுத்தேன். (பாட்டிடம் என்று எழுதினால் பாட்டியிடம் என்று படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டியிடமே கொடுத்திருந்தால் பாதிச் செலவில் முடித்திருப்பார்.)

முதல் ஆறு வாரம் சுகமோ சுகம். எந்தப் படத்தை யாருக்கு எத்தனை மணிக்குக் காட்டுவது, விளம்பர இடத்துக்கு நடக்கும் ஏலத்தில் எவ்வளவு கேட்பது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொண்டது. விளம்பரக் கணக்கைக் காட்டும் டேஷ்போர்டைத் திறந்தால் வரிசையாகப் பச்சை அம்புகள். விளம்பரத்துக்குப் போட்ட ஒவ்வொரு 1 ரூபாய்க்கும் 6 ரூபாய் விற்பனை என்றது. நானும் பட்ஜெட்டை இரண்டு தடவை ஏற்றினேன்.

வங்கிக் கணக்கு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒரு நாள் ராத்திரி, ஆர்டர் பட்டியலை ஒரு பக்கமும் டேஷ்போர்டை இன்னொரு பக்கமும் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். அந்த மாதம் பாட் தன் பெயரில் எழுதிக்கொண்ட ஆர்டர்கள் 40. அதில் 27 பேர் ஏற்கெனவே என்னிடம் வாங்கியவர்கள். ஒரு அம்மாவுக்கு அது ஐந்தாவது பை, அவர் முகவரியே எனக்கு மனப்பாடம். தேடல் சொற்களின் பட்டியலைத் திறந்தால் முதலிடத்தில் நிற்பது என் கடையின் பெயர். அதாவது, என்னைத் தேடியே வந்தவர்கள் மேலே தெரிந்த விளம்பரத்தைத் தொட்டு உள்ளே நுழைந்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் அடுத்த வரியைத் தொட்டிருப்பார்கள். வாசல்படி ஏறிவிட்டவரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்துவிட்டு, "நான்தான் அழைத்து வந்தேன்" என்று கமிஷன் கேட்கிற கதை.

அதற்காக பாட்டைத் திட்டவும் முடியாது. "போட்ட காசுக்கு அதிக விற்பனை காட்டு" என்று நான் சொன்னேன், அது காட்டியது. எப்படியும் நடக்கப்போகிற விற்பனையைவிட சுலபமாகக் காட்டக்கூடிய விற்பனை எது?

இது சின்னக் கடைக்காரனின் புலம்பல் என்று தள்ளிவிட வேண்டாம். ஆன்லைன் சந்தை நடத்தும் ஈபே நிறுவனம் 2012-ல் இதையே சோதித்துப் பார்த்தது. தன் பெயரைத் தேடுபவர்களுக்குக் காட்டும் விளம்பரங்களைச் சில தேடுபொறிகளில் நிறுத்தியது. தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் ததேலிஸ் மூவரும் அதைப் பற்றி எழுதிய கட்டுரை 2015-ல் எகனாமெட்ரிகா என்ற பொருளாதார ஆய்விதழில் வந்தது. விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்த கிளிக்குகளில் 99.5 சதவீதம் இலவசத் தேடல் முடிவுகள் வழியாகவே வந்து சேர்ந்துவிட்டன. அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு: பொதுவான சொற்களுக்குப் போட்ட விளம்பரம், ஈபேயில் அதுவரை வாங்காதவர்களிடமும் எப்போதாவது வாங்குகிறவர்களிடமும் வேலை செய்தது. ஆகவே விளம்பரமே வீண் என்று நான் சொல்லவரவில்லை. யாருக்குக் காட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைத்தான் பாட் கையில் விட்டுவிடுகிறோம்.

ஈபே போல ஊரறிந்த பெயர் நமக்கில்லை. நம் பெயருக்குப் போட்டிக்காரர் விளம்பரம் போட்டால் கணக்கு மாறலாம். அதனால் நானே நிறுத்திப் பார்த்தேன். கடைப் பெயரைத் தேடுபவர்களுக்கும் பழைய கஸ்டமர்களுக்கும் விளம்பரம் காட்டாதே என்று இரண்டு வாரம் பூட்டு போட்டேன். முந்தைய இரண்டு வாரத்தில் 31 ஆர்டர், பூட்டிய இரண்டு வாரத்தில் 29. விளம்பரச் செலவு பாதிக்கும் கீழே. டேஷ்போர்டோ என் கடையே மூழ்கப்போகிறது என்பது போல ஒரே சிவப்பு.

பரீட்சை எழுதுகிறவரே விடைத்தாளைத் திருத்தினால் இப்படித்தான் ஆகும். மார்க் போடும் விதியையும் விளம்பரத் தளங்களே வைத்திருக்கின்றன. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவில் நாம் எதையும் மாற்றாமல் விட்டால், விளம்பரத்தைத் தொட்டு 7 நாளுக்குள் வாங்கினாலும் சரி, தொடாமல் கண்ணில் பட்டு 1 நாளுக்குள் வாங்கினாலும் சரி, அந்த ஆர்டர் விளம்பரத்தின் கணக்கில் சேரும். அது பொய்க் கணக்கு கிடையாது, அமைப்புகள் (செட்டிங்ஸ்) பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

சின்னக் கடைக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பாட் கற்றுக்கொள்ளத் தீனி வேண்டும். ஒரே குறி, ஒரே பட்ஜெட்டில் ஓடும் ஒவ்வொரு விளம்பரத் தொகுதிக்கும் வாரத்துக்குச் சுமார் 50 விற்பனையாவது நடந்தால்தான் கற்றல் கட்டம், அதாவது யாருக்குக் காட்டினால் பலன் என்று பாட் பழகும் காலம், முடியும் என்பது மெட்டாவின் சொந்த வழிகாட்டுதல். எனக்கு வாரத்துக்குப் பதினைந்து வந்தாலே நல்ல வாரம். அதையும் நான் பெரிய புத்திசாலி போல மூன்று தொகுதிகளாகப் பிரித்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஐந்து. ஐந்தை வைத்துக்கொண்டு அது எதைக் கற்கும்? பெரிய மாற்றம் ஏதாவது செய்தால் கற்றல் மறுபடி முதலிலிருந்து. எனக்கோ வாரம் ஒருமுறை எதையாவது நோண்டாவிட்டால் தூக்கம் வராது.

இதற்கு ஒரு குறுக்குவழி சொல்வார்கள். "வாங்கியவர்களை எண்ணாதே, கார்ட்டில் போட்டவர்களை எண்ணச் சொல். எண்ணிக்கை கூடும், பாட் சீக்கிரம் கற்றுக்கொள்ளும்." நானும் மாற்றினேன். சொன்னபடி சீக்கிரமாகவே கற்றுக்கொண்டது, கார்ட்டில் போடுவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களைக் கண்டுபிடிக்க! ஒரே நாளில் 63 பேர் கார்ட்டில் போட்டார்கள், வாங்கியது ஒருவர். புடவைக் கடையில் நூறு புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு "அப்புறம் வர்றோம்" என்று எழுந்து போகிறவர்களை மட்டும் தேடிப்பிடித்து அழைத்துவர ஒரு ஆள் போட்ட மாதிரி. மறுநாளே பழையபடி மாற்றி, மூன்று தொகுதியையும் ஒன்றாக்கினேன்.

டேஷ்போர்டு காட்டிய அந்த 1-க்கு 6-ஐயும் சும்மா நம்ப வேண்டாம். 100-க்கு விற்றால் துணி, தையல், கூரியர், திரும்பி வருவது எல்லாம் போக உங்கள் கையில் 25 நிற்கிறது என்று வையுங்கள். அப்போது 1-க்கு 4 என்றால் லாபம் பூஜ்யம். ஒரு மாதம் முழுக்க வேலை செய்து அத்தனையையும் விளம்பரத் தளத்துக்குக் கொடுத்துவிட்டு எழுந்து போகிறீர்கள். டேஷ்போர்டில் 4 என்பது பச்சையாகத்தான் தெரியும், உங்கள் தையல் கூலி அதற்குத் தெரியாது.

அப்புறம், எழுத்து. விளம்பர வாசகத்தையும் பாட்டே எழுதட்டும் என்று விட்டிருந்தேன். நான் கொடுத்த விவரத்தில் "லேசான தூறலைத் தாங்கும்" என்று இருந்தது. பாட் அதை "மழையிலும் நனையாத பை" ஆக்கிவிட்டது. கேட்கவும் நன்றாக இருந்தது, கிளிக்கும் கூடியது. மூன்று வாரம் கழித்து ஒருவர் ஒரு படம் அனுப்பினார். மேசைமேல் பிரித்துக் காயவைத்த ஒரு நோட்டுப்புத்தகம், நீல மை பக்கம் பக்கமாகப் பரவியிருக்கிறது, ஓரத்தில் என் பை. கீழே ஒரு வரி: "நனையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான் எங்கே சொன்னேன்! ஆனால் அவரிடம் அப்படிச் சொல்ல முடியுமா? பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், பையையும் அவரிடமே விட்டுவிட்டேன். ஏர் கனடாவின் இணையதளச் சாட்பாட், துக்கக் காலச் சலுகைக் கட்டணம் பற்றி ஒரு பயணிக்குத் தவறான தகவல் கொடுத்த வழக்கில், சாட்பாட் சொன்னதற்கும் நிறுவனமே பொறுப்பு என்று 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. விமான நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்?

இவ்வளவு சொன்னதால் பாட்டை நிறுத்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஸ்டாக் தீர்ந்த பைக்கு விளம்பரத்தை நிறுத்துவது, விலை மாறினால் எல்லா இடத்திலும் மாற்றுவது, ஒரே படத்தைப் பத்து அளவில் வெட்டுவது, ஏலத்தில் நொடிக்கு நொடி விலை கேட்பது, இதையெல்லாம் அது பாட்டுக்குச் செய்கிறது. நான் செய்தால் தப்பும் வரும், முதுகுவலியும் வரும். என்னிடம் வைத்துக்கொண்டது மூன்று: கஸ்டமரிடம் கொடுக்கும் வாக்கு, யாருக்குக் காட்டக்கூடாது என்ற பட்டியல், மாதக் கடைசிக் கணக்கு. பட்ஜெட்டிலும் ஒரு கண் இருக்கட்டும். கூகுளில் நாம் போடும் தினசரித் தொகை ஒரு சராசரிதான். பொதுவாக ஒரு நாளில் அதன் இரு மடங்கு வரை செலவாகலாம், மாதத்துக்கு 30.4 மடங்கைத் தாண்டாது. இது தெரியாமல் ஒரு சனிக்கிழமை நான் பதறியது தனிக்கதை.

மெட்டாவின் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க் 2025 மே மாதம் கொடுத்த ஒரு பேட்டியில், வியாபாரிகள் தங்கள் நோக்கத்தைச் சொல்லி வங்கிக் கணக்கை இணைத்தால் போதும், படமோ ஆள் தேர்வோ அளவிடுதலோ தேவைப்படாது என்ற பொருளில் பேசினார். படத்தையும், என் 'காட்டக்கூடாது' பட்டியல் போக மிச்ச ஆள் தேர்வையும் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவேன். அளவிடுவதை மட்டும் கேட்காதீர்கள்.

நேற்றும் கூகுள் விளம்பரத் தளத்திலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. என் கணக்கின் மதிப்பெண் 100-க்கு 64-ஆம், பட்ஜெட்டை உயர்த்தினால் கூடுமாம். ஒரு வேடிக்கை தெரியுமா? இந்த மாதிரிப் பரிந்துரையை ஏற்றுக்கொண்டாலும் மதிப்பெண் ஏறும், "வேண்டாம்" என்று நிராகரித்தாலும் ஏறும். நிராகரித்தேன், 71 ஆகிவிட்டது. இன்னும் நாலைந்து பரிந்துரை பாக்கி இருக்கிறது. சாயங்காலம் பேக்கிங் முடிந்ததும் உட்கார்ந்து நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவேன்.