என் பாட்டன் எந்தப் பக்கத்தில்?

பள்ளி, தொலைக்காட்சி, கலை எல்லாம் ஒரே தேசியக் கதையைச் சொன்னால்தான் மலேசியாவில் ஒற்றுமை வரும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பினாங்கில் பிறந்து வளர்ந்த எனக்கு இதை ஏற்க முடியவில்லை.

1971இல் கோலாலம்பூரில் நடந்த தேசியப் பண்பாட்டு மாநாடு, இவ்வட்டாரப் பூர்வகுடிப் பண்பாடுதான் அடித்தளம், மற்றவர்களுடையதில் பொருத்தமானதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வகுத்தது. பொருத்தமானது எது என்று யார் முடிவு செய்வது? 2013 முதல் எஸ்பிஎம் என்னும் ஐந்தாம் படிவ அரசுத் தேர்வில் வரலாறு தேறாவிட்டால் சான்றிதழ் இல்லை. சரி, நாட்டு வரலாறு தெரியத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் போன வாரம் மகளின் பயிற்சி நூலைச் சாப்பாட்டு மேசையில் விரித்து இருவரும் பக்கம் பக்கமாகப் புரட்டினோம், ரப்பர் ஏற்றுமதிக்குப் பெரிய அட்டவணையே இருந்தது, விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவியவர்களுக்கு ஒரே வரி, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாத என் பாட்டனைப் போன்றவர்களுக்கு அதுவும் இல்லை. "அப்பா, உங்க தாத்தா எந்தப் பக்கத்துல இருக்காரு?" என்று கேட்டாள்.

அதே 2013இல்தான் பக்கத்துக் கெடாவில், பூஜாங் பள்ளத்தாக்கின் ஆயிரம் ஆண்டு தாண்டிய சண்டி 11 என்ற பழங்கோயிலின் எச்சம், மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டது. மண்வாரி இயந்திரம் வந்து போன பிறகுதான் ஊருக்கே தெரிந்தது.

என் மகள் என்னைவிட நன்றாக மலாய் பேசுகிறாள், தமிழ்ப்பள்ளியில் படித்தவள்தான். ஒற்றுமைக்கு அவள் தடையா? அடுத்த பாடநூலில் தோட்டத்து மக்களுக்கு நான்கு பக்கமாவது கொடுங்கள்.